எறும்பு ஏறாத மேசை

எங்கள் ஊர் விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வர வேண்டும். நூற்றைம்பது வீடு, ஒரு மினி பஸ், மிச்சமெல்லாம் பனையும் வேலிக்கருவையும். இங்கே உட்கார்ந்தபடி ஏழு வருஷமாகக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் போனிலேயே விற்று வருகிறேன். தொடங்கியது தற்செயல்தான். சென்னையில் இருக்கும் தங்கை மகளுக்கு ஒரு கொட்டான் கருப்பட்டி அனுப்பினேன். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாலு பேர் கேட்டார்கள். அந்த நாலு பேர் இன்னும் பத்துப் பேரிடம் சொன்னார்கள்.

இப்போது ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திண்ணைக்கு வருகிறார்கள். "பெரியம்மா, நாங்களும் ஆன்லைன்ல ஏதாவது போடலாம்னு இருக்கோம், எங்கருந்து ஆரம்பிக்க?" என்று கேட்கிறார்கள். ஒரே கதையை எல்லோருக்கும் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். எண் போட்டிருப்பது "அந்த ஆறாவதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதற்கு வசதியாகத்தான். முக்கியமானது முதலில், அடுத்தது பின்னால் என்று வரிசைப்படுத்தவில்லை.

1. கைக்கெட்டும் சரக்கை விற்கவும்

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மொபைல் கவர் விற்கிறேன் என்று மதுரையில் மொத்தமாக வாங்கி வந்தான். அதே கவரை மதுரையில் இருப்பவனும் விற்கிறான், டெல்லியில் இருப்பவனும் விற்கிறான். அவர்களுக்குக் கூரியர் ஆள் வாசலுக்கே வருவான். இவன் மினி பஸ்ஸில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆறு மாதத்தில் கவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பொங்கல் பரிசாகப் போய்விட்டன.

கிராமத்து வீட்டுக்கு உள்ள பலம் ஒன்றுதான். சரக்கு பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம். எங்களுக்குப் பனை. கோவில்பட்டிப் பக்கம் என்றால் கடலைமிட்டாய். எங்கள் தாலுகாவிலேயே முண்டு வத்தல் விளைகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று நல்லதா கெட்டதா என்று கையில் எடுத்ததும் சொல்லத் தெரிந்தால் அதை விற்கலாம். தெரியாவிட்டால் தெரிகிற வரை பொறுக்கலாம்.

2. சரக்குக் கொடுப்பவரிடம் அடித்துப் பேசாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் சரக்கு எடுக்கும் அண்ணாச்சி பனையேறி. பருவத்தில் தினமும் விடியும் முன்பே மரத்தில் இருப்பார். சாயங்காலம் திரும்பவும் ஏறுவார். பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். இறக்கிய பதனீரை உடனே காய்ச்சியாக வேண்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். காய்ச்சுவது அவர் வீட்டு மதினி. காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் காய்ந்த ஓலையும் முள்விறகும் எரியும் புகையில் மணிக்கணக்காகத் துழாவுவார். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார். அப்புறம் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதனீர் போகும். அவர் மரத்தில் ஏறி இறங்கிய கணக்கை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் விலை கேட்கவே கூச்சமாகிவிடும்.

நாம் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் என்ன நடக்கும்? கருப்பட்டி விலையில் ஆறில் ஒரு பங்குகூட வராத வெள்ளைச் சீனி கடையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அது விடிலிக்குள் வந்துவிடும். கலப்படத்துக்குப் பாதிக் காரணம் வாங்குகிறவர்கள்தான் என்பது என் கட்சி.

கலப்படம் கண்டுபிடிக்க வாட்ஸ்அப்பில் நூறு வழி சுற்றுகிறது. தண்ணீரில் போடு, உடைத்துப் பார், நாக்கில் வை என்பார்கள். நல்ல கருப்பட்டியில் அடிநாக்கில் லேசாக உப்புக் கரிக்கும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் நம்புகிற சோதனை ஒன்றுதான். காய்ச்சுகிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விடிலிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மதினி ஒரு சிரட்டையில், பாகு இறுகும் முன் எடுத்த கூப்பனி தருவார், குடித்துவிட்டுக் கதை பேசிவிட்டு வருவேன். நான் எதற்கு வருகிறேன் என்று அவருக்கும் தெரியும்.

மாசி மாதமே முன்பணம் கொடுத்துவிடுங்கள். பருவம் தொடங்குவதற்கு முன் அந்த வீடுகளில் கை வறண்டிருக்கும். அந்த நேரத்தில் வட்டிக்காரர் கொடுத்தால் சரக்கு அவருக்குத்தான் போகும்.

3. விலை போடும்போது உங்கள் கூலியையும் போடுங்கள்

முதல் வருஷம் கிலோ 300 ரூபாய்க்கு எடுத்து 350 ரூபாய்க்கு விற்றேன். தபால் செலவு தனி. ஐம்பது ரூபாய் லாபம் என்று சந்தோஷம். ஆடி முடிந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால் பணத்தைக் காணோம். மருமகள் உட்கார்ந்து ஒரு கிலோவுக்கு என்று பிரித்து எழுதினாள். உடைசலும் தூளும் 8 ரூபாய், அட்டைப்பெட்டி 18, உள் கவரும் லேபிளும் 6, டேப் 3, பஸ் செலவில் பங்கு 5, போன் ரீசார்ஜில் பங்கு 4. ஆக அடக்கம் 344. மிச்சம் ஆறே ரூபாய். அவளும் நானும் சேர்ந்து நிறுத்து, சுற்றி, ஒட்டி, எழுதியதற்கு ஒரு பெட்டிக்கு இருபது ரூபாய் கூலி போட்டாலும் பதினாலு ரூபாய் கைநட்டம்.

"அத்தை, நாம வியாபாரம் பண்ணல, தர்மம் பண்ணியிருக்கோம்" என்றாள்.

வீட்டிலிருந்து செய்கிறவர்கள் எல்லோரும், முக்கியமாகப் பெண்கள், விடுகிற பிழை இது. வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நம் நேரம் இலவசம் என்று யார் சொன்னது? அடுத்த வருஷம் விலையை ஏற்றினேன். பத்தில் இரண்டு பேர் போனார்கள். போனவர்கள் நல்லவர்கள்தான், வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஸ்பீட் போஸ்டில் 500 கிராமுக்கு மேல் ஒவ்வொரு 500 கிராமுக்கும் கட்டணம் ஏறும். அரைகுறையாகத் தாண்டினாலும் முழு 500-க்குக் கட்ட வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டியைப் பெட்டியில் போட்டால் 1,150 கிராம் வரும். நூற்றைம்பது கிராம் அட்டைக்காக ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது ஒன்றேகால் கிலோவாகக் கட்டுகிறோம். பெட்டியோடு 1,400-க்குப் பக்கம் நிற்கிறது. வாங்குகிறவருக்கு அதே தபால் செலவில் கால் கிலோ கூடப் போகிறது. "அதென்ன ஒன்றேகால்?" என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கை அப்படியே சொல்லிவிடுவேன். ஒருவர்கூடக் கோபித்ததில்லை.

4. தராசு

எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு தடவை தொழிலாளர் துறையில் முத்திரை வாங்க வேண்டும். வாங்குங்கள். நிறுக்கும்போது பத்து கிராம் கூடவே விழட்டும்.

5. எறும்பு, மழை, டேப்

கருப்பட்டி உயிருள்ள சாமான் மாதிரி. ஈரக்காற்று பட்டால் வியர்க்கும், கசியும், ஒட்டும். எங்கள் பாட்டி ஓலைச் சிப்பமாகக் கட்டி அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருப்பார். புகைச்சூட்டில் அது வருஷம் முழுக்கக் கல் போலக் கிடக்கும். நமக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, பரண் போய்விட்டது. காற்றுப் புகாத தகர டின்தான் வழி.

முதல் ஐப்பசியில் சென்னைக்கு அனுப்பிய ஒரு பெட்டியின் படம் வந்தது. பெட்டியின் அடி முழுக்கக் கறுப்பாக ஊறி, அட்டை பிய்ந்து, உள்ளே கருப்பட்டி கூழாக இருந்தது. வெறும் நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்தேன். பேப்பரின் எழுத்து அதன்மேல் அச்சாகப் பதிந்து வாசிக்கும்படி இருந்தது. அச்சு மை உடம்புக்குள் போகும் என்பதால் உணவுப் பொருளை நியூஸ் பேப்பரில் சுற்றக் கூடாது என்பதே அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

இப்போது செய்வது இது. காலை வெயில் ஏறிய பிறகுதான் டின்னைத் திறப்போம், மழை பெய்யும்போது திறக்கவே மாட்டோம். ஒவ்வொரு வட்டும் பட்டர் பேப்பரில். எல்லாம் சேர்ந்து ஒரு கனமான பிளாஸ்டிக் கவரில், வாயைச் சூட்டில் ஒட்டி. அதற்கு மேல் பெட்டி. பெட்டிக்குள் அசைந்தால் சத்தம் வரும். காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் காகிதத்தைச் செருகுங்கள். டேப்பை நடுவில் ஒரு கோடு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கோடு என்று ஒட்டுங்கள். நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டி ஓரத்தில் வாய் பிளக்கும்.

பெட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணிலும் நிறுத்த எடையிலும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 30-க்கு 20-க்கு 15 பெட்டி என்றால் 1.8 கிலோ ஆகிவிடும், உள்ளே பஞ்சு இருந்தாலும் சரி. 20-க்கு 15-க்கு 12 என்றால் முக்கால் கிலோவைத் தாண்டாது, அப்போது நிறுத்த எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

அப்புறம் எறும்பு. கோயம்புத்தூரில் ஒரு டீச்சர் பெட்டியைத் திறந்துவிட்டுப் போன் செய்தார். "அம்மா, கருப்பட்டி நல்லாருக்கு. கூட வந்த மூணு பேரை என்ன பண்ண?" டேப்பின் ஒட்டுப் பக்கத்தில் சிக்கி, முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. அன்று சாயங்காலமே கட்டும் மேசையின் நாலு காலுக்கும் கீழே சிரட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மேசை சுவரைத் தொடக் கூடாது. மேசைவிரிப்பு தரையைத் தொடக் கூடாது. எறும்பு மருந்து சாப்பாட்டுச் சாமான் பக்கமே வரக் கூடாது. தினமும் காலையில் சிரட்டையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்தது என்று உரிமை கொண்டாட இது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பாட்டி நெய்ப்பானைக்குச் செய்ததுதான்.

6. தபால் கட்டும் நேரமே உங்கள் கடை நேரம்

நகரத்தில் இருப்பவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் போடுவார்கள், காலையில் "அனுப்பியாச்சா?" என்று கேட்பார்கள். நமக்குப் பஸ் எப்போது, தபால் பை கட்டுவது எப்போது என்று ஒரு நேரம் இருக்கிறது. அதைத் தாண்டினால் அந்த நாள் போச்சு. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் திங்கள், செவ்வாய், புதன் மட்டும் அனுப்புகிறோம். வெள்ளியில் அனுப்பிய பெட்டி ஞாயிறு முழுக்க எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கும், மழைக்காலத்தில் கருப்பட்டிக்கு அது ஆகாது.

கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் மாறியது. புதிய பட்டியலைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். பழைய கணக்கில் தபால் செலவு வாங்கி நாலு நாள் கையைச் சுட்டுக்கொண்டவள் சொல்கிறேன்.

அனுப்பிய ரசீதைப் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் அனுப்பினால் அது மரியாதை. கேட்ட பிறகு அனுப்பினால் பதில்தான்.

7. படமும் பேச்சும்

படத்தை முற்றத்தில் காலை எட்டு மணி வெயிலில் எடுங்கள். ஃபில்டர் வேண்டாம். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள், அளவு தெரியும். ஒரு வட்டை உடைத்து உள்பக்கத்தையும் காட்டுங்கள். கருப்பட்டி ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நிறம் மாறும், பங்குனிச் சரக்கும் ஆடிச் சரக்கும் ஒரே நிறத்தில் இருக்காது. அதையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். எழுதாவிட்டால் "போன தடவை மாதிரி இல்லையே" என்று போன் வரும்.

உடன்குடிக் கருப்பட்டி என்று போடலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. போடக் கூடாது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் அந்த மண்ணுக்குச் சொந்தம். நம் ஊர்ப் பெயரைப் போடுங்கள். யாருக்கும் தெரியாத ஊர் என்றால் பத்து வருஷம் நல்ல சரக்குக் கொடுங்கள், தெரிந்துவிடும். வேம்பார்க் கருப்பட்டியை யார் விளம்பரம் செய்தார்கள்?

இன்னொன்று. "சுகர் உள்ளவங்களும் சாப்பிடலாம்" என்று எழுதாதீர்கள். எல்லோரும் எழுதுகிறார்கள், அப்படி எழுதினால் விற்கவும் செய்யும். ஆனால் கருப்பட்டியும் இனிப்புத்தான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். அவர் காப்பிக்குக் கருப்பட்டி கேட்டபோதெல்லாம் நான் கொடுக்கவில்லை. வீட்டில் கொடுக்காததை ஊராருக்குச் சொல்லி விற்க எனக்கு மனசில்லை. மனசைத் தள்ளி வையுங்கள், சட்டமும் இருக்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது.

8. காகிதங்கள்

இதில் எனக்கு ருசி இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும், வாங்கி அடைத்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். நான் எடுத்தபோது வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குச் சாதாரணப் பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஆன்லைனிலேயே முடிந்தது. 14 இலக்க எண் வரும், அதை லேபிளில் போட வேண்டும். லேபிளில் அதோடு பொருளின் பெயர், நிகர எடை, அடைத்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, உங்கள் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு நம்பர், சைவம் என்பதற்குப் பச்சைப் புள்ளி. இன்னும் சில உண்டு. பட்டியல் துறைத் தளத்திலேயே இருக்கிறது.

உத்யம் பதிவு இலவசம். அரசாங்கத் தளத்தில் ஆதாரை வைத்து நாமே செய்துகொள்ளலாம். அதைப் பதிய இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தளமும் அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும்.

ஜிஎஸ்டியில் நான் தடுக்கி விழுந்தது ஓர் இடத்தில். நாற்பது லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று யாரோ சொன்னார்கள், நானும் பெங்களூருக்குத் தாராளமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு. வரியுள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பெட்டியிலிருந்தே பதிவு வேண்டும். கருப்பட்டிக்கு வரி உண்டா என்றால், சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் இல்லை. அடைத்து லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். நாம் லேபிள் ஒட்டித்தானே அனுப்புகிறோம்? ஆகவே எல்லை தாண்டும் முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

9. பணம் வந்த பிறகே பெட்டி நகரட்டும்

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. அது வெறும் படம்.

ஒரு சித்திரையில் மத்தியானம், வீட்டில் எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் ஒருவர் பேசினார். குரல் அவ்வளவு பணிவு. மகள் கல்யாணத்துக்குச் சீர் வைக்கப் பன்னிரண்டு கிலோ வேண்டும் என்றார். பணம் போட்டதாகப் படம் வந்தது. அடுத்த நிமிஷமே, "அம்மா, அவசரத்துல 1,800 ரூபா கூடப் போட்டுட்டேன், அதை மட்டும் திருப்பி அனுப்புங்க, மண்டபத்துக்காரர் நிக்கிறார்" என்றார். பாவம் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பேங்க் கணக்கைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஒரு பைசாகூட வரவில்லை. நம்பர் அணைந்துவிட்டது.

மறுநாள் மருமகள் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தாள். அன்றைக்கே கொடுத்திருந்தால் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் வெட்கத்தில் ஒரு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. ஏமாந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், உடனே 1930.

நமக்கு வரும் பணத்துக்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. அப்படிச் செய்யச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வியாபாரத்துக்கென்று தனிப் பேங்க் கணக்கு வைத்து, அதில் அன்றன்றைக்கு வேண்டிய அளவே விட்டுவைப்பது நல்லது. சேமிப்பெல்லாம் கிடக்கும் கணக்கைப் போனில் இணைக்காதீர்கள்.

10. இல்லை என்று சொல்லப் பழகுங்கள்

பதனீர் பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை. அதற்குப் பிறகு டின்னில் இருப்பதுதான் கையிருப்பு. தீபாவளிக்கு முன் முப்பது பேர் கேட்பார்கள், இருபது பேருக்குத்தான் இருக்கும். மீதிப் பத்துப் பேருக்கு எங்கேயாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கை அரிக்கும். நான் ஒரு தடவை சந்தையில் வாங்கி அனுப்பினேன். அதில் ஒருவர் மட்டும் எழுதினார்: "இது நீங்க தர்றது இல்லையே." மற்ற ஒன்பது பேர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப வரவும் இல்லை.

இப்போது நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு, "பங்குனியில் முதல் காய்ச்சல் உங்களுக்கு" என்று சொல்கிறோம். சொன்னபடி முதலில் அவர்களுக்கே போகும். நோட்டு என்றால் காகித நோட்டுத்தான். போன் ஒருநாள் கிணற்றடித் தொட்டியில் விழுந்தபோது எங்கள் வியாபாரத்தைக் காப்பாற்றியது நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனைத் தொடாதீர்கள். பதில் காலையில் போனால் யாரும் செத்துவிடமாட்டார்கள்.

11. குறை சொல்கிறவரிடம்

முதலில் படம் கேட்காதீர்கள். முதலில் "ஐயோ, அப்படியா" என்று சொல்லுங்கள். அப்புறம் படம் கேளுங்கள். உடைந்து போயிருந்தால் உங்கள் செலவில் மறுபடி அனுப்புங்கள். நூறில் இரண்டு மூன்று அப்படிப் போகும், விலை போடும்போதே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லி இரண்டாவது பெட்டி வாங்குகிறவர்களும் உண்டு. ஏழு வருஷத்தில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். அவர்களுக்காக மற்றவர்களைச் சந்தேகப்பட முடியுமா?

12. வீட்டுக்குள் யார் முதலாளி

வீட்டுத் தொழிலில் சண்டை வருவது வாடிக்கையாளரோடு இல்லை, வீட்டோடு. கட்டும் அறையில் யார் துணி காயப்போட்டது, அடுப்பில் பால் பொங்கியபோது யார் போனில் இருந்தது, வந்த பணத்தில் யார் எடுத்தது என்றுதான் வரும். மாதம் முதல் தேதி மருமகளுக்குச் சம்பளம் என்று அவள் கணக்கில் போட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில், "குடும்பத்துக்குள்ள என்ன சம்பளம்?" என்று மகன் முகத்தைச் சுளித்தான். அவனுக்கு மில்லில் சம்பளம் கொடுக்கிறார்களா இல்லையா என்று கேட்டேன். அப்புறம் பேசவில்லை.

இப்போது அவளுக்கும் எனக்கும் ஒரு வழக்கு ஓடுகிறது. பெரிய ஆன்லைன் கடையில் நம் சரக்கைப் போட வேண்டும் என்கிறாள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி இல்லாமலே அங்கே விற்க 2023 அக்டோபரிலிருந்து வழி இருக்கிறது என்று காட்டுகிறாள். நமக்குப் பெங்களூர்க்காரர்களால் அதுவும் பதிந்தாகிவிட்டது, பிறகென்ன தயக்கம் என்கிறாள். அங்கே கமிஷன் போகும், திருப்பி அனுப்புவது அதிகம், வாங்குகிறவர் யார் என்றே நமக்குத் தெரியாது, அந்த டீச்சரைப் போல எறும்பைச் சொல்லிச் சிரிக்க யாரும் போன் செய்யமாட்டார்கள் என்கிறேன் நான். "சிரிக்கிற டீச்சர் எத்தனை பேர் இருக்காங்க அத்தை, முந்நூறு பேரா? அண்ணாச்சி மகனும் இந்த வருஷம் மரம் ஏறுறான். அந்தச் சரக்கை யாருக்கு விற்கப் போறீங்க?" என்று கேட்கிறாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன வாரம் இருபது கிலோவை மட்டும் தனி டின்னில் எடுத்து வைத்து, அதன்மேல் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறாள். நான் இன்னும் பார்க்காத மாதிரியே இருக்கிறேன்.